கடைசிப் பாடவேளை

பயிற்சிப் பள்ளிகளை ஒதுக்கிய அன்று சண்முகவள்ளிக்குக் காய்ச்சல். கல்லூரிக்குப் போகவில்லை. பழனி டவுனுக்குள் இருந்த பள்ளிகளை மற்றவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். அடுத்த நாள் போய்ப் பார்த்தபோது அவள் பெயருக்கு நேரே மேலக்கொம்பை அரசு உயர்நிலைப்பள்ளி என்று இருந்தது. அந்த ஊர் எங்கே இருக்கிறதென்று வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர்தான் வழி சொன்னார். கொடைக்கானல் போகிற மலைப்பாதையில் ஏறி, வடகவுஞ்சிப் பக்கம் பிரிந்து, அதற்கும் அப்பால் போக வேண்டும்.

பி.எட். இரண்டாம் வருஷம் அது. அவள் அப்பா ஞானவேலுக்குப் பழனி அடிவாரத்தில் விபூதியும் சந்தனமும் சாமி படங்களும் விற்கிற கடை. வள்ளி சின்ன வயதிலிருந்தே அங்கே பொட்டலம் மடித்தவள். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு வரும் கூட்டத்தைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே குரல் கனத்திருந்தது. வகுப்பில் கடைசி பெஞ்சுவரை கேட்கும். மலைப் பள்ளி என்றதும் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. வெள்ளனே பஸ் ஏறி, இருட்டின பிறகு வந்து இறங்க வேண்டியிருக்கும், பிரின்சிபாலைப் பார்த்து மாற்றச் சொல்வோம் என்றார். வள்ளி ஒரு வாரம் போய்ப் பார்க்கிறேன் என்றாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று இப்போது கேட்டால், கடையிலிருந்து கொஞ்ச நாள் தப்பிக்கத்தான் என்று சிரிப்பாள்.

முதல் நாள் கொண்டை ஊசி வளைவுகளில் அவளுக்குக் குடல் புரண்டு வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கவிழ்த்திருந்தாள். கண்டக்டர் பொன்னுச்சாமி முன் சீட்டில் இருந்தவரை எழுப்பி அவளை அங்கே உட்காரவைத்தார். கண்ணை மூடாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வரச் சொன்னார். நரைத்த மீசையும் சுருக்கம் இல்லாத காக்கிச் சட்டையுமாக இருந்த அவரிடம் ஒரு நிமிஷம் கூடுதலாக வண்டியை நிறுத்தச் சொல்ல அந்த ரூட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது. அவர் விசில் ஊதினால் வண்டி நகர்ந்துவிடும், ஓடி வருகிறவர் மாமனாராக இருந்தாலும் சரி என்று பக்கத்தில் இருந்த அம்மாள் சொன்னாள்.

மேலக்கொம்பையில் இறங்கியபோது ஊர் தெரியவில்லை. மேகம் இறங்கியிருந்தது. ஒரு டீக்கடை வாசலும், மேலே போகிற படிகளும் மட்டும் தெரிந்தன. படிகளின் உச்சியில் ஓடு போட்ட பள்ளிக்கூடம். சுற்றிலும் காபிச் செடி, அதற்குள்ளே மிளகுக் கொடி ஏறிய மரங்கள். இறைவணக்கம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளின் குரல் கேட்டது, பிள்ளைகள் தெரியவில்லை. அவள் குரலைப் பார்த்து நடந்து போனாள்.

தமிழாசிரியை லீலா டீச்சர் கொடைக்கானல் டவுனிலிருந்து வருகிறவர். நாற்பது வயதிருக்கும். மூன்று வகுப்புகளுக்கு அவர் ஒருவரே தமிழ். பயிற்சிக்கு ஆள் வந்ததில் அவருக்கு மறைக்க முடியாத சந்தோஷம். ஒன்பதாம் வகுப்பின் கட்டுரை, கடிதம் எல்லாவற்றையும் வள்ளி பார்த்துக்கொள்ளட்டும், செய்யுளும் இலக்கணமும் முடிக்கவே தனக்கு நேரம் போதவில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

வள்ளி கொடுத்த முதல் தலைப்பு 'நான் சென்ற சுற்றுலா'. மாலை பஸ்ஸில் திரும்பும்போது தாள்களை மடியில் வைத்துத் திருத்த ஆரம்பித்தாள். முதல் கட்டுரை பிழையில்லாமல் இருந்தது. 'கோடை விடுமுறையில் என் குடும்பத்தாருடன் மலைகளின் இளவரசியாம் கொடைக்கானலுக்குச் சென்றேன். அங்கு நிலவிய குளிர் எனக்குப் புதுமையாக இருந்தது. மேகங்கள் கைக்கெட்டும் தூரத்தில் தவழ்ந்தன. ஏரியில் படகுச் சவாரி செய்து மகிழ்ந்தோம்.' இரண்டாவது தாளிலும் அதுவே. மூன்றாவதிலும் அதுவே. வகுப்பு முழுக்க ஒரே பஸ்ஸில் ஏறி ஒரே ஏரியில் படகு விட்டிருந்தது. வள்ளிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பஸ் ஜன்னலுக்கு வெளியே மேகம் உண்மையிலேயே கைக்கெட்டும் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. சிரிப்பு நின்றுபோனது.

மறுநாள் வகுப்பில், கொடைக்கானல் போனவர்கள் யார் என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போன சிலர் கை தூக்கினார்கள். ஏரியில் படகு ஏறியவர்கள் என்று கேட்டபோது எல்லாக் கையும் இறங்கியது. ஜெயமுருகன் என்ற பையன் எழுந்து நின்று, மிஸ்ஸுக்கு விஷயம் விளங்கவில்லை என்று இரக்கப்பட்டவனைப் போல எடுத்துச் சொன்னான். "நோட்ஸ்ல அந்த ஒரு சுற்றுலாதான் இருக்கு மிஸ். ஊட்டி இருந்தா ஊட்டிக்குப் போயிருப்போம்."

வள்ளி வேறு தலைப்பு கொடுத்தாள். வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழி. இதற்கு நோட்ஸ் கிடையாது. எல்லோரும் வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வந்த தாள்களில் எங்கும் பசுமை, எங்கும் இனிமை, பறவைகளின் கீதம். இரண்டு வரிக்கு மேல் ஒருவரும் போகவில்லை. காபிப் பழம் பறிக்கிற பிள்ளைகள், பூண்டுக்குக் களையெடுக்கிற பிள்ளைகள், காட்டுமாடு போன தடத்தை வைத்து அது எப்போது போயிருக்கும் என்று சொல்கிற பிள்ளைகள், தாளைக் கண்டால் மட்டும் விருந்தாளி வீட்டில் உட்கார்ந்ததுபோல் முழங்காலைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அவளும் அப்படித்தான் படித்து வந்தவள். ஆகவே என்ன செய்வதென்று தெரியவில்லை. கல்லூரியில் கற்றுக்கொடுத்த பாடத்திட்டத்தில் ஊக்குவித்தல், விளக்குதல், மதிப்பிடுதல் என்றெல்லாம் கட்டங்கள் இருந்தன. அதில் இதற்கு ஒரு கட்டமும் இல்லை. பேச்சில் இவர்களை யாராலும் நிறுத்த முடியாது என்பதை மட்டும் அவள் கவனித்திருந்தாள். அதனால் முதலில் பேசச் சொன்னாள். ஒருவர் எழுந்து வந்த வழியைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும், பிறகு சொன்னவர் சொன்னதை அப்படியே எழுத வேண்டும். முதல் நாள் இரைச்சல்தான் மிஞ்சியது. பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் போன பிறகு பக்கங்கள் கொஞ்சம் நிறைய ஆரம்பித்தன.

சௌம்யா என்ற பெண்ணின் தாளில்தான் அந்தச் சொல் வந்தது. ஒல்லியாக, உயரமாக, அதிகம் பேசாத பெண். 'எங்கள் லயத்தில் கடைசி வீடு எங்கள் வீடு' என்று எழுதி, லயம் என்பதை அடித்துவிட்டுக் காலனி என்று எழுதியிருந்தாள். ஏன் அடித்தாய் என்று வள்ளி கேட்டாள். சௌம்யா தலையைக் குனிந்துகொண்டு, "வரிசையா ஒட்டுனாப்புல வீடு இருந்தா லயம்னு சொல்லுவோம் மிஸ். எங்க அம்மா அப்பிடித்தான் சொல்லும். இங்கிட்டு யாரும் சொல்ல மாட்டாங்க" என்றாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் என்று லீலா டீச்சர் பிறகு சொன்னார். சௌம்யாவின் அம்மா ராக்கம்மா கைக்குழந்தையாக இருந்தபோது கப்பலில் வந்து இறங்கியவள். மேலே ஆனைப்பாறை எஸ்டேட்டில் அப்படிப் பல குடும்பங்கள் இருந்தன. லயம் நல்ல சொல், அடிக்க வேண்டாம் என்று வள்ளி சொன்னாள். சௌம்யா நம்பாமல் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு காலனியை அடித்துவிட்டு லயத்தைத் திரும்ப எழுதினாள்.

கட்டுரை வகுப்பு கடைசிப் பாடவேளையில் இருந்தது. அந்த வேளையில்தான் பழனியிலிருந்து வரும் பஸ் மேலக்கொம்பையைத் தாண்டி ஆனைப்பாறைக்கு ஏறும். கீழே வளைவில் ஹாரன் சத்தம் கேட்டதும் வகுப்பில் பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து ஓடுவார்கள். எழுதிக்கொண்டிருந்த வரி பாதியில் நிற்கும். ஆனைப்பாறையில் பஸ் திரும்பி, பொன்னுச்சாமியும் டிரைவரும் அங்கே டீ குடித்து ஓய்ந்து, மறுபடி கீழே இறங்கும்போது வள்ளி அதில் ஏறிப் பழனிக்குப் போவாள். பள்ளியில் எல்லோரும் இதற்குப் பழகிப்போயிருந்தார்கள். ஓடுகிற பிள்ளைகளை யாரும் தடுப்பதில்லை. வள்ளிக்கு மட்டும் ஆத்திரமாக இருந்தது. தன் வகுப்பைப் பிடிக்காமல்தான் ஓடுகிறார்கள் என்றுகூட ஒரு நாள் தோன்றியது.

ஒரு வியாழக்கிழமை வகுப்பு நன்றாக நடந்துகொண்டிருந்தது. சௌம்யா மழை நாளைப் பற்றி எழுதியதைப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறந்து படித்ததே அன்றுதான் முதல் முறை. ஹாரன் கேட்டது. பிள்ளைகள் எழுந்தார்கள். சௌம்யா நிறுத்திவிட்டுப் பையைத் தேடினாள். முடித்துவிட்டுப் போங்கள், பஸ் நிற்கும் என்று வள்ளி சொன்னாள். அவள் குரலை மீறி யாரும் போகவில்லை. சௌம்யா வேகவேகமாகப் படித்து முடித்தாள். எல்லோரும் படியிறங்கி ஓடியபோது பஸ் மேல் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

ஆனைப்பாறைப் பிள்ளைகள் சேர்ந்தாற்போல் நடக்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு அது புதிதில்லை. வள்ளி சற்று நேரம் ரோட்டில் நின்றாள். பிறகு செருப்பைச் சரிசெய்துகொண்டு அவர்களோடு நடந்தாள். ஜெயமுருகன் நீங்க எதுக்கு மிஸ் என்று கேட்டதற்கு, நீ பேசாமல் நட என்றாள்.

ஒரு மணி நேர ஏற்றம். பாதி வழியில் மேகம் மூடிக்கொண்டது. ஒரு திருப்பத்தில் ஜெயமுருகன் கையை நீட்டி எல்லோரையும் நிறுத்தினான். வள்ளிக்கு எதுவும் தெரியவில்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ரோட்டின் நடுவே கறுப்பாக, வண்டி அகலத்துக்கு ஒரு காட்டுமாடு நிற்பது தெரிந்தது. அதன் கால்கள் மட்டும் முழங்கால்வரை வெள்ளையாக இருந்தன. அசையாதீங்க மிஸ், அது சோலியப் பாத்துட்டு அது போயிரும் என்று பையன் காதோடு சொன்னான். சௌம்யா வள்ளியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், வள்ளி சௌம்யாவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். யாருக்கு யார் ஆதரவு என்று சொல்ல முடியாது. மாடு வெகுநேரம் யோசித்துவிட்டுச் சரிவில் இறங்கிப் போனது.

கொஞ்ச தூரம் போனதும் மேலேயிருந்து வெளிச்சம் வந்தது. ஆனைப்பாறையிலிருந்து திரும்புகிற பஸ். பொன்னுச்சாமி விசில் கொடுத்து நிறுத்தி, படிக்கட்டிலிருந்து குனிந்து பார்த்தார். நனைந்த பிள்ளைகள், அவர்களுக்கு நடுவே பயிற்சி டீச்சர்.

"ஏறுங்க டீச்சரம்மா. இதுக்குப் பெறகு கீழ போக வண்டி கெடையாது."

பிள்ளைகளை விட்டுவிட்டுத்தான் வருவேன் என்று வள்ளி சொன்னாள். அவர் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். விசில் ஊதினார். பஸ் இறங்கிப் போனது.

ஊர் எல்லையில் பெண்கள் சிலர் கையில் டார்ச் லைட்டோடு எதிரே வந்தார்கள். ராக்கம்மா முன்னால் வந்தாள். தோட்டத்து வேலைக்குப் போட்ட சட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை. பஸ் வந்தது, பிள்ளைகள் இறங்கவில்லை, அதுதான் தேடி வந்தோம் என்று பொதுவாகச் சொன்னாள். தன்னால்தான் தாமதம் என்று வள்ளி சொல்ல ஆரம்பித்தாள். ராக்கம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. "நீங்க என்னாத்துக்கு டீச்சர் இம்புட்டுத் தூரம் நடந்தீங்க. காலெல்லாம் நனைஞ்சுபோச்சே" என்று மட்டும் கேட்டாள்.

அன்று வள்ளி அந்த லயத்தில், கடைசி வீட்டில் தங்கினாள். சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி அப்பாவுக்குப் போன் செய்தாள். அப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தாள். பிள்ளைகள் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்களா என்றுதான் அவர் முதலில் கேட்டார். ராக்கம்மா பால் விடாத டீ போட்டு, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி கொடுத்தாள். சீனியை நக்கிக்கொண்டே டீயைக் குடிக்க வேண்டும். வள்ளிக்கு அது வரவில்லை, சீனி முழுவதும் முதல் மடக்கிலேயே தீர்ந்துவிட்டது. சௌம்யாவும் அவள் அம்மாவும் சிரித்தார்கள். கஷ்டம் எதைப் பற்றியும் ராக்கம்மா சொல்லவில்லை. மகள் நன்றாக எழுதுகிறாளா என்று மட்டும் கேட்டாள். நன்றாக எழுதுகிறாள் என்று வள்ளி சொன்னபோது, சௌம்யா அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த வாரப் பாடம் விண்ணப்பம் எழுதுதல். நோட்ஸில் 'உங்கள் ஊரில் நூலகம் அமைத்துத் தர வேண்டி' என்று இருந்தது. வள்ளி அதை மூடிவைத்துவிட்டு, பஸ் நேரத்தை மாற்றக் கேட்டுப் பழனி போக்குவரத்து அதிகாரிக்கு எழுதலாமா என்று கேட்டாள். பரீட்சைக்கா, உண்மையாகவா என்று ஒருத்தி கேட்டாள். உண்மையாக என்றாள் வள்ளி. கரும்பலகையில் அனுப்புநர் என்று எழுதினாள். வகுப்பு ஒரே குரலில், "அ. அ. அ., மிஸ்" என்றது. பரீட்சைத் தாளில் சொந்தப் பெயரை எழுதக் கூடாது என்பதால், எப்போதும் அனுப்புகிறவர் பெயர் அ. அ. அ., ஊர் க. க. க. விண்ணப்பம் என்றாலே அப்படித்தான் என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். இதில் உங்கள் பெயரை எழுத வேண்டும் என்று வள்ளி சொன்னாள்.

"நெசப் பேரயா மிஸ்?" என்று ஜெயமுருகன் கேட்டான். அவன் அவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

இரண்டு மூன்று நாட்கள் அந்த ஒரு விண்ணப்பம்தான் நடந்தது. ஹாரனுக்கு முன் முடிக்க வேண்டும் என்பதற்காக லீலா டீச்சர் தன் காலைப் பாடவேளையை விட்டுக்கொடுத்தார். கண்டக்டர் நிறுத்த மாட்டேன் என்கிறார் என்று எழுதலாம் என்றார்கள் சிலர். அவர் மேல் குற்றம் இல்லை, அவருக்குக் கொடுத்த நேரத்துக்கு ஓட்டுகிறார் என்றார்கள் சிலர். அது பெரிய விவாதமாகி, கடைசியில் நேரத்தைப் பற்றி மட்டும் எழுதுவது என்று முடிவானது. காட்டுமாடு பற்றி எழுத வேண்டும் என்பதில் எல்லோரும் ஒற்றுமை. காட்டெருமை என்று எழுதுவதா காட்டுமாடு என்று எழுதுவதா என்பதில் ஒற்றுமை இல்லை.

கேட்பதற்கான காரணம் எழுதுகிற இடத்தில், 'இதனால் மாணவர்களின் கல்வி பெரிதும் பாதிக்கப்படுகிறது' என்று வள்ளி எழுதினாள். சௌம்யா கை தூக்கினாள்.

"அது எல்லாரும் எழுதுறதுதான மிஸ்."

வேறு எப்படி எழுதலாம் என்று வள்ளி கேட்டாள். சௌம்யா எழுந்து வந்து, சாக்பீஸை வாங்கி, வள்ளி எழுதியதற்குக் கீழே எழுதினாள். 'ஆறாம் வகுப்பிலிருந்து இந்தப் பள்ளியில் படிக்கிறோம். கடைசிப் பாடவேளையில் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியாது.'

கீழ்ப்பக்கத்து ஊர்ப் பிள்ளைகள், தினமும் கடைசிவரை உட்கார்ந்திருக்கிறவர்கள், ஆனைப்பாறைப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். வள்ளி தன் வரியை அழித்தாள்.

தலைமையாசிரியர் சிவராமனிடம் எடுத்துக்கொண்டு போகும்போது அவளுக்குப் பயமாக இருந்தது. பயிற்சிக்கு வந்தவள் பாடத்தை மட்டும் நடத்த வேண்டும், ஊர் விவகாரத்தில் தலையிடலாமா என்று கேட்டுவிட்டால் பதில் கிடையாது. அவர் நின்றுகொண்டே படித்தார். ஓரிடத்தில் விட்டுப்போன ஒற்றெழுத்தைச் சிவப்பு மையில் போட்டார். மறுபடி ஆரம்பத்திலிருந்து படித்தார். பெற்றோரும் கையெழுத்துப் போடட்டும், பள்ளி முத்திரையோடு நானே அனுப்புகிறேன் என்றார். ஒற்றுப்பிழையோடு போயிருந்தால் நம் பள்ளிக்குத்தான் கேவலம் என்றும் சொன்னார்.

பதில் வருவதற்குள் கல்லூரியிலிருந்து பேராசிரியர் அவள் வகுப்பைப் பார்வையிட வந்தார். பஸ் பயணத்தில் சோர்ந்துபோயிருந்தார். பாடத்திட்ட நோட்டைப் புரட்டி, விண்ணப்பத்துக்கு நூலகம் என்று எழுதிவிட்டு நடத்தியது வேறாக இருக்கிறதே என்றார். துணைக்கருவி என்று ஒரு சார்ட்டுகூட மாட்டவில்லையே என்றார். மதிப்பெண் சுமாராகத்தான் வந்தது. வள்ளி வருத்தப்பட்டாள், ஆனால் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது மறந்துபோய்விட்டது. அன்று பஸ்ஸில் அவள் யோசித்துக்கொண்டிருந்தது, பிள்ளைகள் எழுதியது யார் மேஜையில் இருக்கும் என்பதை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் பதில் வந்தது. தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்று ஒரே வரி. உறைமேல் 'ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள்' என்று டைப் அடித்திருந்தது. பதில் என்ன சொல்கிறது என்பதைவிட அந்த உறையைப் பார்ப்பதில்தான் பிள்ளைகளுக்கு ஆர்வம். கை மாறி மாறி அது ஓரமெல்லாம் மடங்கிப்போயிற்று. பரிசீலனை என்றால் என்ன என்று கேட்டார்கள். யோசிக்கிறார்கள் என்று அர்த்தம் என்றாள் வள்ளி. எம்புட்டு நாளைக்கு யோசிப்பாங்க என்று அடுத்த கேள்வி வந்தது.

அதற்குப் பிறகு ஒரு மாலை, ஹாரன் கேட்டு, வழக்கம்போலப் பிள்ளைகள் பையைத் தூக்கும்போது, வகுப்பு வாசலில் பொன்னுச்சாமி வந்து நின்றார். தோளில் டிக்கெட் மெஷின் தொங்கியது. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. கீழே பஸ் என்ஜின் நின்றிருந்தது. பிள்ளைகள் பயந்துபோய் அப்படியே நின்றார்கள். தன்னைப் பற்றிப் புகார் போயிருக்கிறது என்று நினைத்துச் சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று வள்ளியும் நினைத்தாள்.

டிப்போவில் மேனேஜர் கூப்பிட்டு அந்தத் தாளைக் கொடுத்து, உன் ரூட்டுப் பிள்ளைகள் எழுதியது, படித்துப் பார் என்றாராம். எங்கேயாவது தன் பெயர் வருகிறதா என்று முதலில் தேடினாராம். வரவில்லை.

"எம்மேல ஒரு குத்தமும் எழுதல. அதான் எனக்கு மனசு கேக்கல" என்றார். பிறகு வள்ளியைப் பார்த்து, "நேரத்த மாத்துறது எங்கையில இல்ல டீச்சரம்மா. டீ குடிக்கிறது எங்க கையில இருக்கு. மேல போயி குடிக்கிற டீய இங்கயே குடிக்கலாம்னு டிரைவரும் நானும் பேசிக்கிட்டோம்" என்றார். பிள்ளைகளிடம் திரும்பி, உட்காருங்க, பெல் அடிச்ச பெறகு வெரசா வந்தாப் போதும் என்று சொல்லிவிட்டு, நன்றி சொல்ல இடம் கொடுக்காமல் படியிறங்கிப் போனார்.

பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். ஹாரன் கேட்ட பிறகும் யாரும் தவிக்காமல் வகுப்பு நிறைந்திருந்தது வள்ளி பார்க்க அன்றுதான் முதல் தடவை. என்ன நடத்துவதென்று அவளுக்கே தெரியவில்லை. யாராவது எதையாவது படியுங்கள் என்றாள். சௌம்யா படித்தாள், இன்னும் இரண்டு பேர் படித்தார்கள். வெளியே மேகம் வந்து, ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து, மறுபக்கம் போனது. பெல் அடித்தபோது ஜெயமுருகன் பெருமூச்சு விட்டு, இதுக்குப் பழைய மாதிரியே இருந்திருக்கலாம் மிஸ், பாட்டுப் பாடிக்கிட்டே பஸ்ஸுல போயிருப்போம் என்றான்.

வள்ளியின் பயிற்சிக் காலம் அதற்குப் பின் சில வாரங்களில் முடிந்தது. கடைசி நாள் பிள்ளைகள் பேரிக்காயும் மலைவாழைப் பழமும் கொடுத்து அவள் பையைக் கனமாக்கினார்கள். ராக்கம்மா காபிப்பொடி கொடுத்தனுப்பியிருந்தாள். பொன்னுச்சாமி அன்று அவளிடம் டிக்கெட் காசு வாங்க மறுத்தார், அவள் வற்புறுத்திக் கொடுத்தாள்.

அடுத்த வருஷம் அவரை வேறு ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர் டீ குடிக்காதவர். ஒரு மாதம் பிள்ளைகள் மறுபடி ஓடினார்கள். லீலா டீச்சர் அந்த வருஷத்து ஒன்பதாம் வகுப்பை உட்காரவைத்து இரண்டாவது விண்ணப்பம் எழுதவைத்தார். அதில் முந்தைய விண்ணப்பத்தின் தேதியும் எண்ணும் 'பார்வை' என்ற இடத்தில் முறையாகக் குறிப்பிடப்பட்டிருந்தது என்று போனில் பெருமையாகச் சொன்னார். இந்த முறை யோசித்து முடித்துவிட்டார்கள். பஸ்ஸை அரை மணி நேரம் தள்ளிவைத்து, டீக்கடைச் சுவரில் புது நேரம் எழுதினார்கள். இன்றைக்கும் அதுதான் நேரம்.

சண்முகவள்ளி இப்போது ஒட்டன்சத்திரத்தில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் நடத்துகிறாள். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. தகுதித் தேர்வில் தேறியும் அரசு வேலை இன்னும் வரவில்லை. வகுப்பில் பிள்ளைகள் நிறைய. எழுத வைப்பதைவிடத் திருத்தி முடிப்பதே பெரும்பாடு. இருந்தாலும் வாரத்தில் ஒரு நாளாவது முதலில் பேசவைத்துத்தான் எழுதவைக்கிறாள். அவர்கள் அடுக்குமாடி லிஃப்டைப் பற்றியும், காய்கறி மார்க்கெட்டில் லாரி ஓட்டும் அப்பாவைப் பற்றியும் எழுதுகிறார்கள். நன்றாகத்தான் எழுதுகிறார்கள். படிக்கும்போது அவளுக்கு மேலக்கொம்பையின் ஈரச் சுவரும், தாள்களில் ஏறியிருக்கும் விறகுப்புகை வாசமும் ஞாபகம் வருகின்றன. அந்தத் தாள்களை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் எந்த வீட்டில் என்ன விறகு எரிகிறதென்று சொல்லிவிடலாம் போலிருக்கும்.

சௌம்யா நர்சிங் முடித்துக் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதாவது போன் செய்வாள். எழுதுகிறாயா என்று வள்ளி கேட்பதில்லை. டூட்டி, ஹாஸ்டல் சாப்பாடு, அம்மாவின் முழங்கால் வலி என்று பேச்சு போகும். வார்டில் கேஸ் ஷீட் எழுதுவது தன் வேலைதான் என்றும், தான் எழுதியதை மட்டும் புரியவில்லை என்று டாக்டர்கள் திரும்பக் கேட்பதில்லை என்றும் ஒருமுறை சொன்னாள்.

சாயங்காலம் பள்ளி விட்டதும் வள்ளி மகளைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட் ரோடு வழியாக நடக்கிறாள். மழை பெய்து வெறித்த நாட்களில் தெற்கே மலை முழுசாகத் தெரியும். மற்ற நாட்களில் பாதிக்கு மேல் மேகம். எந்த மடிப்பில் அந்தப் பள்ளி இருக்கிறதென்று இங்கிருந்து சொல்ல முடியாது. அவளும் தேடுவதில்லை. மலைமேல் கறுத்துக்கொண்டு வந்தால் மட்டும், அங்கே இப்போது ஓட்டில் மழை விழ ஆரம்பித்திருக்கும், ஒருவருக்கும் டீச்சர் சொல்வது கேட்காது என்று நினைத்துக்கொள்வாள். பிறகு மகளின் கையைப் பிடித்து ரோட்டைக் கடப்பாள்.